இலை எடுக்கும் மெஷினா, சின்ன பேக்டரியா, ஆன்லைன் விற்பனையா? நீலகிரி தேயிலைக் குழுக்களுக்கு ஒரு கணக்கு

கோத்தகிரி, குந்தா, மஞ்சூர் பக்கமிருந்து எனக்கு அடிக்கடி வரும் கேள்வி இது: "குழுவில் இருபது முப்பது பேர் இருக்கிறோம். ஆளுக்கு அரை ஏக்கர், ஒரு ஏக்கர்தான். சேமிப்பையும் வங்கிக் கடனையும் சேர்த்தால் பத்துப் பன்னிரண்டு லட்சம் திரட்டலாம். அதை வைத்து இலை எடுக்கும் மெஷின் வாங்குவதா, சின்னதாக ஒரு பேக்டரி போடுவதா, இல்லை சொந்தப் பெயரில் பாக்கெட் போட்டு ஆன்லைனில் விற்பதா?"

மூன்றுமே செய்யக்கூடியவைதான். மூன்றையும் செய்து பிழைத்தவர்களும் உண்டு, கடனில் மாட்டியவர்களும் உண்டு. பெரும்பாலான குழுக்கள் எதில் தொடங்க வேண்டும் என்று எனக்கு ஓர் உறுதியான கருத்து இருக்கிறது. ஆனால் உங்கள் ஊருக்கு அது பொருந்துமா என்பதை நீங்களே சரிபார்க்க வேண்டும். அதனால் முதலில் எதைக் கொண்டு அளப்பது என்று பார்ப்போம்.

## சிக்கல் எங்கே இருக்கிறது

நீலகிரியில் சிறு விவசாயி பறித்த இலை இன்கோசர்வ் என்ற கூட்டுறவு இணையத்தின் கீழ் உள்ள 16 கூட்டுறவு ஆலைகளில் ஒன்றுக்குப் போகும், அல்லது தனியார் ஆலைக்குப் போகும். இலை கொடுக்கும் நாளில் விலை தெரியாது. ஆலை விற்ற தேயிலையின் சராசரி விலையை வைத்து, விவசாயிக்கு 65 பங்கு, ஆலைக்கு 35 பங்கு என்ற கணக்கில் தேயிலை வாரியம் மாதாமாதம் குறைந்தபட்ச விலையை அறிவிக்கிறது. பணம் அதற்குப் பிறகுதான் வரும். மழை நாளில் ஈரத்துக்கென்று பிடித்தம், கரட்டு இலை, அதாவது முற்றித் தடித்த இலை, இருந்தால் இன்னொரு பிடித்தம்.

குன்னூரில் கணினி வழித் தேயிலை ஏலம் 2003-லேயே தொடங்கிவிட்டது. ஏலத்தில் எந்த ரகம் என்ன விலைக்குப் போனது என்பது அந்த நொடியே திரையில் தெரியும். அந்தத் தேயிலைக்கு இலை கொடுத்தவருக்கு அது அடுத்த மாதம் ரசீதில் தெரியும். மலைக்குத் தொழில்நுட்பம் வரவில்லை என்று சொல்ல முடியாது. வாங்குபவர், விற்பவர் இருக்கும் மேல்முனைக்கு அது 20 ஆண்டுக்கு முன்பே வந்துவிட்டது. செடி நிற்கும் கீழ்முனைக்கு வரவில்லை. 2023-இல் கோத்தகிரிப் பக்கம் சிறு விவசாயிகள் தொடர் உண்ணாவிரதம் இருந்தது கட்டுப்படியாகும் விலை கேட்டுத்தான். அந்தக் கோரிக்கை நியாயமானது. அரசு செய்ய வேண்டியதை எந்த மெஷினும் செய்யாது. இருந்தாலும் கையில் இருக்கும் பன்னிரண்டு லட்சத்தை எங்கே போடுவது என்ற கேள்வி காத்திருக்காது.

விலை ஒரு பக்கம் அழுத்துகிறது, ஆள் பற்றாக்குறை இன்னொரு பக்கம். பிள்ளைகள் கோவை, திருப்பூர், பெங்களூர் என்று போய்விட்டார்கள். எஸ்டேட்டுகளுக்கு ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். அரை ஏக்கர்க்காரரால் அப்படி ஆள் கொண்டுவர முடியாது. கொழுந்து முற்றி நிற்பதைப் பார்த்துக்கொண்டே அடுத்த ரவுண்டு பறிப்பைத் தள்ளிப் போடுகிறவர்கள் ஏராளம்.

## எதைக் கொண்டு அளப்பது

ஒன்று, பணம் ஊரில் தங்குகிறதா. போட்ட முதலிலிருந்து வரும் கூலி, லாபம், ரிப்பேர்ச் செலவு யார் கைக்குப் போகிறது? உள்ளூர்ப் பொருளாதாரம் வளர்கிறதா என்பதற்கு எனக்குத் தெரிந்த நேரான அளவுகோல் இதுதான்.

இரண்டு, கைவிட நேர்ந்தால் எவ்வளவு மிஞ்சும். மெஷினை விற்கலாம். கட்டடத்தை விற்க முடியாது. அச்சடித்த உறையை யாரும் வாங்க மாட்டார்கள்.

மூன்று, கெட்டுப் போனால் யார் சரிசெய்வார். கேத்தி பாலாடாவில் கேரட் கழுவும் மெஷின்கள் ஏன் நிலைத்தன என்று பாருங்கள். அந்தப் பள்ளத்தாக்கில் விளையும் கேரட்டைக் கழுவி மூட்டை போட்டு மேட்டுப்பாளையம் சந்தைக்கும் வெளியூர்களுக்கும் அனுப்பும் வேலை, கைவேலையிலிருந்து மெஷினுக்கு மாறியது. அது எளிய அமைப்பு: சுழலும் உருளை, மோட்டார், தண்ணீர். வெல்டிங் பட்டறைக்காரர் பார்த்தாலே புரிந்துகொள்வார். எந்தப் புதுக் கருவியையும் இந்தச் சோதனைக்கு உட்படுத்துங்கள்.

நான்கு, மின்சாரம், மழை, பனி, சாலை. தென்மேற்குப் பருவமழையில் மேற்குப் பக்கமும், வடகிழக்கில் கோத்தகிரி, குன்னூர்ப் பக்கமும் மரம் விழுந்து கம்பி அறுவது வழக்கம். டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை உயரமான இடங்களில் உறைபனி கொழுந்தைக் கருக்கிவிடும்.

ஐந்து, வேலை யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குப் போகிறது. இதைக் கடைசியாக எழுதினாலும் குழுக் கூட்டத்தில் முதலில் பேசுங்கள். இலை எடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பலருக்குச் சொந்த நிலம் இல்லை.

அப்புறம், பணம் எத்தனை நாளில் கைக்குத் திரும்புகிறது என்பது. அது ஒவ்வொரு வழியிலும் தானாகவே தலைகாட்டும்.

## முதல் வழி: இலை எடுக்கும் மெஷினும் டிஜிட்டல் தராசும்

பேட்டரியில் ஓடும், ஒருவரே தூக்கிப் பிடிக்கும் மெஷின்கள் இப்போது பரவலாகிவிட்டன. பேட்டரி முதுகில், வெட்டும் பகுதி கையில். இன்னொருவர் பையைப் பிடித்து, வெட்டிய இலையிலிருந்து காம்பையும் கரட்டையும் பொறுக்குவார்.

ஓர் உதாரணக் கணக்கு. உங்கள் ஊர் எண்களை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். இலை கிலோ 20 ரூபாய். நாள் கூலி 400. ஒருவர் கையால் 25 கிலோ எடுக்கிறார் என்றால் கிலோவுக்கு 16 ரூபாய் பறிப்பதற்கே போகிறது. உரம், களை, கவாத்து (செடியை வெட்டித் தாழ்த்துவது) எல்லாவற்றுக்கும் மீதி 4 ரூபாய். அதே தோட்டத்தில் மெஷினோடு இரண்டு பேர் 100 கிலோ எடுத்தால் கூலி கிலோவுக்கு 8 ரூபாய். பிளேடு, பேட்டரி, சார்ஜுக்கு இன்னொரு ரூபாய். மீதி 11.

4 எங்கே, 11 எங்கே! ஆனால் ஆலைக்காரர் கரட்டு இலை என்று சொல்லி விலையைக் குறைத்தால்? கிலோவுக்கு 3 ரூபாய் குறைந்தாலும் 8 மிஞ்சும், அதுவும் லாபமே. 7 ரூபாய் குறைந்தால் மெஷினால் வந்தது முழுவதும் போய்விடும். ஆகவே இந்த வழியின் வெற்றி மெஷினின் வேகத்தைவிட, வெட்டிய இலையைப் பொறுக்கும் கையிலும் ரவுண்டு தவறாமல் வருவதிலும் இருக்கிறது.

மறைந்திருக்கும் செலவுகள் மூன்று. முதலாவது செடியே. மெஷின் மட்டமாக வெட்டும். மேல்பரப்பு சீராக இல்லாத பழைய செடியில் ஒரு பக்கம் கொழுந்தை விட்டுவிடும், இன்னொரு பக்கம் முற்றிய இலைக்குள் இறங்கிவிடும். அதனால் கவாத்து முடிந்து செடி தழைத்து வரும்போதே மட்டம் கட்டி வளர்க்க வேண்டும். கவாத்து சில ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும். ஆகவே எல்லோருடைய தோட்டத்திலும் ஒரே ஆண்டில் மெஷின் ஓடாது. அடுத்தது, தொடர்ந்து வெட்டிக்கொண்டே இருந்தால் செடி களைக்கும், இலை சிறுக்கும். கத்தரியோ மெஷினோ போடும் தோட்டத்தில் இடையிடையே கைப்பறிப்பும் வேண்டும் என்பதுதான் ஆராய்ச்சியாளர்கள் பல காலமாகச் சொல்வது. குன்னூரில் தென்னிந்தியத் தோட்ட அதிபர்கள் சங்கமான உபாசி நடத்தும் வேளாண் அறிவியல் நிலையத்தில் இதைப் பற்றி நேரில் கேட்டுக்கொள்ளலாம். மூன்றாவது பேட்டரி. மெஷின் நன்றாக இருக்கும்போதே அது தேய்ந்து போகும். விற்கும் கடையில் பேட்டரி மட்டும் தனியாகக் கிடைக்குமா, பிளேடு கிடைக்குமா என்று கேட்டு, விலையை எழுதி வாங்கிக்கொண்ட பிறகே மெஷினுக்குப் பணம் கொடுங்கள்.

செங்குத்தான சரிவில் மெஷின் பிடிப்பது ஆபத்து. ஓடையோரத் தோட்டங்களில் வழுக்கும். அங்கே கைதான்.

வேலை விஷயத்துக்கு வருகிறேன். நான்கு பேர் செய்ததை இரண்டு பேர் செய்யும்போது மீதி இருவர் எங்கே போவார்கள்? ஆள் கிடைக்காமல் இலை முற்றி வீணாகும் ஊரில் இந்தக் கேள்வி இல்லை. மெஷின் வந்தால் இழந்த இலை திரும்பக் கிடைக்கும், யாருடைய கூலியும் போகாது. ஆனால் ஊரிலேயே நிலமற்ற பெண்கள் பத்துப் பேர் அந்தக் கூலியை நம்பியிருந்தால் நிலைமை வேறு. அப்படிப்பட்ட ஊரில் நான் சொல்வது ஒன்றுதான்: மெஷினைக் குழு வாங்கட்டும், அந்தப் பெண்களைக் கொண்டே ஓர் அறுவடைக் குழு அமையட்டும், அவர்கள் கிலோக் கணக்கில் கூலி பேசி பக்கத்து ஊர்த் தோட்டங்களுக்கும் போகட்டும். மெஷின் வந்ததும் அதைப் பிடிக்கும் வேலை ஆண்களுக்கு, பொறுக்கும் வேலை பெண்களுக்கு என்று கூலியும் இரண்டாகப் பிரிவதைப் பல இடங்களில் பார்க்கிறோம். ஒருவர் பிடிக்கும் மெஷினைப் பெண்களால் தாராளமாக இயக்க முடியும். பயிற்சியை அவர்களுக்கே கொடுங்கள்.

இனி தராசு. பலர் இதை ஒரு முதலீடாகவே நினைப்பதில்லை. எனக்கு மெஷினைவிட முக்கியமாகத் தோன்றுவது இதுதான். ஊரில் இலை சேரும் இடத்தில் குழுவுக்கென்று ஒரு டிஜிட்டல் தராசு, எடை போட்டதும் உறுப்பினரின் போனுக்குச் செய்தி, அதே எண் ஒரு நோட்டிலும். ஆலை ரசீதில் 92 கிலோ என்று வரும்போது நம் கணக்கில் 100 இருந்தால், அந்த 8 கிலோ ஈரமா, பிடித்தமா என்று உட்கார்ந்து பேச முடியும். தினமும் நல்ல இலை இவ்வளவு, கரட்டு இவ்வளவு என்று ஒரு கைப்பிடி மாதிரி எடுத்துப் பிரித்து எழுதி வைத்தால் இன்னும் பலம். நாலைந்து மாதப் பதிவோடு ஆலை மேலாளரிடம் போகும் குழுவுக்குப் பேரம் பேசும் தகுதி வந்துவிடும். கூலிக்கும் கொடுக்கல் வாங்கலுக்கும் பயன்படும் தராசுக்கு ஆண்டுதோறும் தொழிலாளர் துறையின் எடையளவு முத்திரை வேண்டும் என்பதை மறக்காதீர்கள். முத்திரையில்லாத தராசின் கணக்கை யாரும் ஒப்புக்கொள்ளத் தேவையில்லை.

## இரண்டாம் வழி: சொந்தமாக ஒரு சின்ன பேக்டரி

இது ஊரின் கனவு. எனக்கும் பிடித்த கனவு. நம் இலையை நாமே வாட்டி, உருட்டி, உலர்த்தி, நம் பெயரில் விற்பது. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் சின்ன ஆலைகள் சில ஆர்த்தடாக்ஸ் (இலையை உருட்டிச் செய்யும் தேயிலை), கிரீன் டீ, வெள்ளைத் தேயிலை என்று அருமையாகச் செய்து வெளிநாடு வரை விற்கின்றன. பனிக்காலத்தில் மெதுவாக வளரும் கொழுந்தில் வரும் மணத்துக்குத் தனி வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். நீலகிரி ஆர்த்தடாக்ஸ் தேயிலைக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. அந்தக் குறியீடு ஆர்த்தடாக்ஸுக்கு மட்டும்தான். இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டி நம் ஆலைகள் பெரும்பாலும் செய்யும் சிடிசி தூளுக்குக் கிடையாது. ஆகவே குழு தனியாக ஆலை போடுவதில் பொருள் இருக்க வேண்டுமானால், பெரிய ஆலைகளோடு சிடிசியில் போட்டி போடாமல் ஆர்த்தடாக்ஸ் பக்கம் போக வேண்டும்.

எண்களைப் பார்ப்போம். ஒரு கிலோ தேயிலைக்குச் சுமார் 4.5 கிலோ இலை. நாளொன்றுக்கு 20 கிலோ செய்யும் மிகச் சிறிய ஆலைக்கு 90 கிலோ நல்ல கொழுந்து போதும். ஆண்டில் 250 நாள் ஓடினால் 5,000 கிலோ. கேட்க நன்றாக இருக்கிறது. அதை 100 கிராம் பாக்கெட்டாகப் போட்டால் 50,000 பாக்கெட். ஞாயிறு, பண்டிகை, பந்த் எல்லாம் சேர்த்து, தினமும் 137 பாக்கெட் விற்க வேண்டும். இந்த 137 பேரை உங்களுக்கு இன்றைக்குத் தெரியுமா? தெரியாதென்றால் மொத்தமாக வாங்கும் வியாபாரியிடம்தான் போவீர்கள். அவர் சொல்வதுதான் விலை. இலை விற்ற காலத்தில் இருந்த நிலைமையே, இன்னும் பெரிய கடனோடு.

கைமுதலும் பார்க்க வேண்டும். நல்ல கொழுந்துக்குக் கிலோ 30 ரூபாய் கொடுத்தால் நாளுக்கு 2,700. மாதத்தில் 25 நாள் வேலை என்றால் 67,500. தேயிலை விற்றுப் பணம் வர மூன்று மாதம் ஆகும் என்று வைத்தால், இலைக்கு மட்டும் இரண்டு லட்சம் கையில் இருக்க வேண்டும். விறகு, மின்கட்டணம், கூலி எல்லாம் தனி. உறுப்பினருக்கு ஆலை மாதாமாதம் கொடுத்த பணத்தை நம் சொந்த ஆலை மூன்று மாதம் தள்ளிக் கொடுத்தால் அவர் இலையை ஆலைக்கு வாங்கிப் போகும் பழைய ஏஜென்டிடமே கொடுப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. பிள்ளையின் பள்ளிக் கட்டணம் காத்திருக்காது.

பலர் கவனிக்காத இன்னொன்று: மெஷினில் வெட்டிய இலையை வைத்து உயர்ந்த ஆர்த்தடாக்ஸ் செய்ய முடியாது. இரண்டு இலை ஒரு மொட்டு, கையால். இலையைச் சாக்கில் அமுக்கினால் சூடேறிச் சிவந்துவிடும்; கூடையில் தளர்வாக, சில மணி நேரத்துக்குள் கொண்டுவர வேண்டும். எனவே முதல் வழியையும் இரண்டாம் வழியையும் ஒரே தோட்டத்தில் ஒன்றாகச் செய்ய முடியாது. எந்தத் தோட்டம் மெஷினுக்கு, எந்தத் தோட்டம் கைப்பறிப்புக்கு என்று முன்பே பிரிக்க வேண்டும். கைப்பறிப்புக்கு ஆளும் வேண்டும், அவர்களுக்கு நல்ல கூலியும் வேண்டும். வேலை தரும் கணக்கில் இந்த வழிதான் முதலிடம்: பறிப்பவர், வாட்டுபவர், பிரிப்பவர், பாக்கெட் போடுபவர் என்று ஊருக்குள்ளேயே கூலி சுற்றும். இதனால்தான் இந்தக் கனவை நான் ஒதுக்கவில்லை.

அனுமதிகளுக்குப் பொறுமை வேண்டும். மலைப்பகுதிக் கட்டுமானத்தைக் கட்டுப்படுத்தும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் கீழ் வரும் கிராமத்தில் புதுக் கட்டடம் என்றால் வனம், கனிமவளம், வேளாண் பொறியியல் துறைகள் என்று ஒவ்வொன்றின் கருத்தும் தேவைப்படும். நிலச்சரிவு நடந்த மண்ணில் அந்தக் கட்டுப்பாடு அவசியம். 2009-இல் குன்னூர், கேத்திப் பக்கம் நடந்ததைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஏற்கெனவே நிற்கும் ஒரு கட்டடத்தை வாடகைக்கு எடுத்தால் பாதித் தலைவலி குறையும். தேயிலை வாரியத்தில் பதிவு, உணவுப் பாதுகாப்பு உரிமம், தேயிலைக் கழிவைக் கையாள்வதற்கான விதிகள் வேறு இருக்கின்றன.

மின்சாரம்: இலை வாடுவதற்கு ஒரு ராத்திரி முழுக்கக் காற்று ஓட வேண்டும். மழைக்காலத்தில் இரவு பதினொரு மணிக்குக் கம்பி அறுந்தால் ஜெனரேட்டர் இல்லாத ஆலையில் அன்றைய 90 கிலோவும் கெட்டுப் போகும். ரிப்பேர் பற்றிய கவலை குறைவு. தேயிலை ஆலை இயந்திரங்களைத் தலைமுறையாகப் பார்த்துப் பழகிய கைகள் குன்னூரிலும் கோவையிலும் இருக்கின்றன.

## மூன்றாம் வழி: சொந்தப் பெயர், ஆன்லைன் விற்பனை

ஆலை போடாமல், இன்னொரு சின்ன ஆலையில் கூலிக்குத் தேயிலை செய்து வாங்கி, நம் ஊர்ப் பெயரில் பாக்கெட் போட்டு விற்பது. ஒரு போன், ஒரு எடை மெஷின், ஒரு சீல் போடும் கருவி, கொஞ்சம் உறை. இவ்வளவு குறைந்த முதலில் தொடங்க முடிவதால் இளைஞர்கள் இதைத்தான் விரும்புகிறார்கள்.

முதலில் பார்க்க வேண்டியது, அது நம் இலைதானா என்பது. பெரிய ஆலையில் உங்கள் 200 கிலோவைத் தனியாக ஓட்ட மாட்டார்கள்; எல்லாரது இலையோடும் கலந்துவிடும். வெளியே வரும் தேயிலையில் உங்கள் ஊர்ப் பெயரைப் போடுவது வாங்குகிறவருக்குச் சொல்லும் பொய். சின்ன அளவைத் தனியாக ஓட்டித் தர ஒப்புக்கொள்ளும் ஆலையைக் கண்டுபிடித்த பிறகுதான் பெயர் வைப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

இதற்கும் ஓர் உதாரணக் கணக்கு. 250 கிராம் பாக்கெட், விலை 200 ரூபாய். தேயிலைக்கு 60, உறைக்கும் லேபிளுக்கும் 12, கூரியருக்கு 60, விற்பனைத் தளத்தின் கமிஷனும் விளம்பரமும் 30, உடைந்தது திரும்பியது என்று 5. ஆக 167. மிஞ்சுவது 33. ஆர்டர் பார்த்து, போன் பேசி, பாக்கெட் அனுப்ப ஒருவருக்கு மாதம் 12,000 கொடுத்தால், அதை ஈடுகட்டவே 364 பாக்கெட் போக வேண்டும். ஒரே வீட்டுக்கு ஒரு கிலோவாக அனுப்பினால் கூரியர் நான்கு மடங்கு ஆகாது. ஆகவே புது ஆட்களைத் தேடி விளம்பரத்தில் பணம் போடுவதைவிட, ஒருமுறை வாங்கியவர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வாட்ஸ்அப்பில் கேட்டு வாங்கும்படி செய்வதே இதன் உயிர். சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளின் அபார்ட்மென்ட்கள் இதற்கு நல்ல தொடக்கம்.

வெளிமாநிலத்துக்கு அனுப்பினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். உறையில் உணவுப் பாதுகாப்பு எண், எடை, விலை, பாக்கெட் செய்த நாள், புகார் சொல்லத் தொடர்பு எல்லாம் இருக்க வேண்டும். சுற்றுலாப் பயணிகளை நம்பி சாலையோரக் கடை போடுகிறவர்கள் இன்னொன்றையும் கணக்கில் எடுங்கள்: 2024 மே மாதம் முதல் ஊட்டிக்கு இ-பாஸ் முறை இருக்கிறது, 2025 கோடைக்கு நாளொன்றுக்கு இத்தனை வண்டிதான் என்று உயர் நீதிமன்றம் வரம்பும் வைத்தது. மலைக்கு அது தேவையான ஒன்று என்றே நினைக்கிறேன். சீசன் கூட்டத்தை மட்டும் நம்பிய வியாபாரம் இனி பலவீனமானது.

நம் மலையிலேயே ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. 2013-இல் பதிவான ஆதிமலைப் பழங்குடியினர் உற்பத்தியாளர் நிறுவனம் தேன், காபி, மிளகு போன்றவற்றை உறுப்பினர்களிடம் வாங்கி, மதிப்புக் கூட்டி விற்கிறது. அதற்குப் பின்னால் கோத்தகிரியின் கீஸ்டோன் அமைப்பு 1990-கள் முதல் தேன் சேகரிப்பவர்களோடு செய்த வேலை இருக்கிறது. உற்பத்தியை ஓர் அமைப்பும், வெளிச்சந்தை விற்பனையைப் பெரும்பாலும் இன்னொரு அமைப்பும் பார்த்துக்கொள்கின்றன. விற்பனை என்பது தனித் தொழில், அதற்குத் தனி ஆட்கள் வேண்டும் என்பதை அங்கே பார்த்துக் கற்கலாம். இலை எடுத்து, வீட்டு வேலையும் முடித்த பெண்ணிடம் "இரவில் வாட்ஸ்அப்பும் நீயே பார்" என்று சொல்லும் குழு நீடிக்காது.

## மூன்றையும் பக்கத்தில் வைத்தால்

| | மெஷினும் தராசும் | சின்ன பேக்டரி | ஆன்லைன் விற்பனை |
|---|---|---|---|
| தொடக்க முதல் | குறைவு. தோட்டம் தோட்டமாகக் கூட்டலாம் | மிக அதிகம். கைமுதல் தனி | குறைவு. மாதச் செலவு தொடரும் |
| பணம் திரும்புவது | அடுத்த மாத ரசீதிலேயே | மூன்று மாதமும் அதற்கு மேலும் | வாரக் கணக்கு |
| ஊருக்குள் கூலி | நிலமற்றவருக்குக் குறையலாம் | அதிகமாகும் | ஒன்றிரண்டு பேருக்கு |
| ரிப்பேர் | பேட்டரி, பிளேடு கிடைப்பதைப் பொறுத்தது | குன்னூர், கோவையில் ஆள் உண்டு | கருவி குறைவு; ஆள் விலகினால் சிக்கல் |
| மழை, மின்வெட்டு | பாதிப்பு குறைவு | பாதிப்பு அதிகம் | கூரியர் தாமதம், சிக்னல் |
| கைவிட்டால் மிஞ்சுவது | பாதி விலைக்காவது விற்கலாம் | கடன் | வாடிக்கையாளர் பட்டியல் |

## எந்த ஊருக்கு எது

ஆள் இல்லாமல் இலை முற்றுகிற ஊர், ஓரளவு சமமான தோட்டம், பக்கத்திலேயே கூட்டுறவு ஆலை: யோசிக்காமல் முதல் வழி.

உயரமான இடத்தில் நல்ல செடி, பறிக்கத் தெரிந்த பெண்கள், ஏற்கெனவே ஆண்டுக்குச் சில நூறு கிலோ சொந்தப் பெயரில் விற்றுப் பழகிய குழு, வாடகைக்கு ஒரு கட்டடம், கணக்கு எழுதத் தெரிந்த ஒரு முழுநேர ஆள்: இவை ஐந்தும் இருந்தால் பேக்டரி. நான்கு இருந்தால் ஐந்தாவதைத் தேடுங்கள், அதுவரை காத்திருங்கள்.

வெளியூரில் வேலை பார்த்துத் திரும்பி வந்த ஒருவராவது குழுவில் இருந்து, கூலிக்குச் செய்து தரும் ஆலையும் கிடைத்தால் மூன்றாவது வழி. ஆனால் அதைக் குழுவின் முழுப் பணத்தோடு தொடங்க வேண்டாம்.

மானியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. குழுக்களுக்கு மெஷின், இலை வண்டி போன்றவற்றுக்குத் தேயிலை வாரியத் திட்டங்களில் உதவி உண்டு. உணவு பதப்படுத்தும் சிறு நிறுவனங்களுக்கான மத்தியத் திட்டத்தில் 35 விழுக்காடு, தனிநபர் என்றால் அதிகபட்சம் 10 லட்சம் என்று இருந்தது. அது வங்கிக் கடனோடு சேர்ந்தது. கடனை ஒழுங்காகக் கட்டி மூன்று ஆண்டு கழித்துத்தான் மானியம் கணக்கில் கழிக்கப்படும். உற்பத்தியாளர் நிறுவனமாகப் பதிய 2020-இல் வந்த திட்டத்தில் சமவெளிக்கு 300 பேர், மலைப்பகுதிக்கு 100 பேர் போதும் என்று இருந்தது. நாலைந்து ஊர் சேர்ந்தால் முடியும். திட்டங்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறும், மூடும், திறக்கும். குன்னூரில் உள்ள வாரிய அலுவலகத்திலும் மாவட்டத் தொழில் மையத்திலும் இப்போது எது திறந்திருக்கிறது என்று எழுத்தில் வாங்குங்கள். மானியம் இல்லாவிட்டால் கட்டுப்படியாகாத எதையும் மானியத்துக்காக வாங்காதீர்கள்.

## பன்னிரண்டு லட்சத்தை நான் எப்படிப் பிரிப்பேன்

தராசு, சேகரிப்பு இடத்துக்கு ஒரு கூரை, தளர்வான கூடைகள், கணக்குக்கு ஒரு போன்: ஒரு லட்சத்துக்குள். மெஷின் இரண்டு, கூடுதல் பேட்டரியும் பிளேடும் சேர்த்து, பயிற்சிக் காலக் கூலியும் சேர்த்து: இரண்டு லட்சத்துக்குள். எல்லோருக்கும் ஒன்று என்று இருபது வாங்க வேண்டாம். இரண்டையும் ஓர் ஆண்டு சுற்றில் விட்டுப் பாருங்கள்.

ஒரு ஏக்கரைக் கைப்பறிப்புக்கென்று ஒதுக்கி, அந்தக் கொழுந்தை மட்டும் கூலி ஆலையில் ஆர்த்தடாக்ஸாகச் செய்து, நூறு கிலோ விற்றுப் பார்க்க ஒரு லட்சம். இது லாபத்துக்காகச் செய்யும் முதலீடு கிடையாது. யார் வாங்குகிறார்கள், எந்த விலைக்கு, மறுபடி கேட்கிறார்களா என்று தெரிந்துகொள்ளத்தான். 137 பாக்கெட் கேள்விக்கு இதைவிட மலிவாக விடை கிடைக்காது.

மீதி எட்டு லட்சத்தில் கடன் பங்கை வாங்கவே வேண்டாம், வட்டி மிச்சம். குழுவின் சொந்தச் சேமிப்பு வங்கியிலேயே இருக்கட்டும். இரண்டு ஆண்டுப் பதிவுகளும் நூறு கிலோ விற்ற அனுபவமும் கையில் இருந்தால், பேக்டரிக்குக் கடன் கேட்டுப் போகும்போது வங்கி மேலாளர் கேட்கும் முதல் மூன்று கேள்விகளுக்கும் உங்களிடம் எண்ணிலேயே பதில் இருக்கும்.

நேரமும் முக்கியம். ஏப்ரலில் இலை பெருகத் தொடங்கியதும் யாருக்கும் கூட்டத்துக்கு வர நேரம் இருக்காது. ஜனவரி, பிப்ரவரியில் இலை குறைவு. மெஷின் பயிற்சியை அப்போது வையுங்கள். தராசு முத்திரையையும் அந்த மாதங்களிலேயே முடித்துவிடுங்கள். இந்த ஆண்டு கவாத்து முடித்த தோட்டம் யாருடையது என்று ஒரு பட்டியல் எடுத்து, முதல் மெஷினை அங்கே அனுப்புங்கள்.